பழுதுற்ற ஏடும் படிப்போன் கடனும்

தமிழ்ச் சிறப்பு வகுப்பு மாணாக்கராகிய நாம் கணினிக் கருவியொன்றைப் பற்றி இம்மலரில் எழுதப் புகுவது அன்பர் சிலர்க்கு வியப்பைத் தரக்கூடும். ஏட்டையும் கல்வெட்டையும் ஆராய வேண்டியவர்க்கு இயந்திரத்தோடு என்ன உறவு என்று வினவுவாரும் உளர். உறவு உண்டு என்பதே நம் துணிபு. பிறர் எழுதிவைத்த குறிப்பைப் படித்து, 'இதன் பொருள் இஃது' என்று மூன்றாமவர்க்குச் சொல்லுவது உரையாசிரியன் தொழில். அதுவே நாம் கூறப்போகும் கருவியின் தொழிலும் ஆகும். படிக்கப்படும் குறிப்புப் பழுதற்றதாயின் படிப்போன் தகுதி வெளிப்படுவதில்லை. நேரான பாதையில் எவரும் வண்டி ஓட்டுவர். குறிப்புச் சிதைந்தும் திரிந்தும் முன்பின் முரணியும் கிடக்கும்போதுதான் படிப்போனுடைய ஆற்றலும் நேர்மையும் ஒருங்கே தெரியவரும். ஆதலின், படிப்பது கருவியாயினும் மாணவனாயினும், நல்ல ஏட்டைக் கொண்டு மட்டும் சோதித்தல் போதாது. வேண்டுமென்றே கெடுத்த ஏட்டைக் கொடுத்தும் சோதித்தல் வேண்டும். இதனை நிறுவுவதே இக்கட்டுரையின் நோக்கம்.

முதற்கண் அக்கருவி யாதெனக் கூறுவோம். கணினிக்கு இடும் கட்டளைத் தொகுதியை நிரல் என்பர். மனிதன் தனக்கு விளங்கும் மொழியில் நிரலை எழுதுகின்றான். கம்பைலர் என்னும் மென்பொருள் அதனைப் பொறிக்கு விளங்கும் வெறும் எண்களாக மாற்றுகின்றது. மாறிய பின்னர், 'வட்டி' என்றும் 'முதல்' என்றும் அவன் இட்ட பெயர்களும், இஃது எத்தனையாவது வரி என்னும் கணக்கும் பொறிக்கு வேண்டாதனவாய் மறைந்துபோகின்றன. நிரல் இடையிலே பிழைபட்டு நின்றுவிட்டால், எந்த வரியில் நின்றது, அப்போது 'வட்டி'யின் மதிப்பு யாது என்று அறிய வழியில்லை. இக்குறையைப் போக்கவே, கம்பைலர் தன் வேலையினூடே ஒரு தனிக்குறிப்பையும் எழுதி வைக்கின்றது. அதனை டிபக் குறிப்பு என்போம். அக்குறிப்பைப் படித்து, ஓடும் நிரலை நிறுத்தி, அதனுள் நிகழ்வதை நமக்கு விளங்கும் பெயர்களால் எடுத்துரைக்கும் கருவியே டிபக்கர். சூத்திரத்திற்கு உரையாசிரியர் எவ்வாறோ, பொறியெண்களுக்கு டிபக்கர் அவ்வாறு.

இன்று உலகெங்கும் பெருவழக்காயுள்ள டிபக்கர்களுள் ஒன்று ஜி.டி.பி. என்பது. ரிச்சர்டு ஸ்டால்மன் என்பார் அதனை 1986-இல் இயற்றினார். டிபக் குறிப்பை எழுதும் முறைகளுள் தலைமை பெற்றது டுவார்ஃப் என்பது. அது 1980-களில் அமெரிக்க நாட்டுப் பெல் ஆய்வுக்கூடத்தில் யூனிக்ஸ் அமைப்பிற்காகத் தோன்றிற்று. அதனோடு உடன்தோன்றிய கோப்பு வடிவிற்கு எல்ஃப் என்று பெயர். மேல்நாட்டுக் கதைகளில் எல்ஃப் என்பது ஒரு வனதேவதை. டுவார்ஃப் என்பது அதனோடு சேர்த்துக் கூறப்படும் குள்ளன். விளையாட்டாக இட்ட பெயர் நிலைத்துவிட்டது. அம்முறை காலந்தோறும் திருத்தம் பெற்று, மூன்றாம் பதிப்பு 2005-இலும், நான்காம் பதிப்பு 2010-இலும், ஐந்தாம் பதிப்பு 2017-இலும் வெளிவந்தன.

அதன் அமைப்பைச் சிறிது அறிந்தாலன்றி அதன் கேடும் விளங்காது. ஒவ்வொரு செயற்கூறுக்கும், அதனுள் அடங்கிய ஒவ்வொரு பெயர்க்கும், அப்பெயர் குறிக்கும் பொருளின் வகைக்கும் தனித்தனிப் பதிவு உண்டு. அப்பதிவுகள் கிளையும் கொப்புமாக மரம்போல் விரிந்திருக்கும். இடம் சுருங்கும்பொருட்டு, ஒவ்வொரு பதிவும் தன் வடிவத்தைத் தானே விரித்துரைப்பதில்லை; ஓர் எண்ணை மட்டும் முன்னிட்டு நிற்கும். அவ்வெண்ணுக்கு உரிய வடிவம் யாதென்பது வேறிடத்திலுள்ள சுருக்க அட்டவணையில் இருக்கும். பெயர்கள் பிறிதோரிடத்தில் தொகுக்கப்பட்டிருக்கும். எனவே, ஓரெழுத்துப் பிறழ்ந்தாலும் அதன்பின் வருவனவெல்லாம் ஓரிடம் தள்ளிப்போய் வேறு பொருள் தரும். சீர் பிரிக்கத் தெரியாதவன் செய்யுளைப் படிப்பது போலாகும்.

இக்குறிப்புப் பழுதுறும் வகைகள் பல. அட்டவணையில் ஆறு எண்களே இருக்க, பதிவொன்று ஏழாம் எண்ணைக் கூறி நிற்கலாம். 'என் நீளம் ஆயிரம்' என்று தலைப்பில் எழுதியிருக்க, கோப்பு எண்ணூறாவது எழுத்தோடு முடிந்துபோகலாம். ஒரு பொருளின் வகை யாது என்று தேடிச் சென்றால், அப்பதிவு 'என் வகையை என்னிடமே காண்க' என்று தன்னையே சுட்டி நிற்கலாம். பெரிய எண்களைச் சுருக்கி எழுதும் முறையொன்றில், 'இன்னும் வரும்' என்னும் அடையாளம் ஒவ்வோர் எழுத்திலும் இருக்கும். இறுதி எழுத்தில் மட்டும் அது நீங்கும். அது நீங்காமலே போனால் அவ்வெண்ணுக்கு முடிவில்லை. இவையெல்லாம் கற்பனையல்ல. கம்பைலரும் மனிதர் இயற்றியதே. அதிலும் வழுக்கள் உண்டு. நிரலை விரைவாக்கும் பொருட்டு வரிகளை முன்பின்னாக மாற்றும்போது குறிப்புப் பின்தங்கிவிடுவதும், வேண்டாத பகுதியை நீக்கும்போது அதனைச் சுட்டிய குறிப்பு மட்டும் எஞ்சி நிற்பதும் உண்டு.

இத்தகைய ஏட்டைக் கையில் கொடுத்தால் டிபக்கர் என் செய்யும்? நான்கு முடிவுகள் கூடும். முதலாவது, அது தானே சரிந்து வீழ்ந்துவிடும். இரண்டாவது, தன்னையே சுட்டும் பதிவைச் சுற்றிச் சுற்றி ஓயாது அலையும். மூன்றாவது, பழுதுற்ற பதிவை இன்னதென்று குறித்து ஒதுக்கிவிட்டு, எஞ்சியவற்றைப் படித்துப் பயன் தரும். நான்காவது, பழுதை உணராமலே ஒரு பொய்யை மெய்போலச் சொல்லும். இவற்றுள் மூன்றாவதே நல்லதென்பதில் எவர்க்கும் ஐயமிராது. எனினும், தீயது எது என்னும் வினாவிற்குப் பலர் 'வீழ்ந்துபோவதே' என்பர். நாம் அங்ஙனம் கருதவில்லை. வீழ்ந்த கருவி தன் வீழ்ச்சியால் நம்மை எச்சரிக்கின்றது. நான்காவதே கொடியது, ஏனெனில், அது நம் நம்பிக்கையைக் கொண்டே நம்மை வழிதவறச் செய்கின்றது.

சென்ற ஆண்டு நம் விடுதித் தோழர் ஒருவர் கணினித் துறைச் செய்முறைப் பணியொன்றில் ஈடுபட்டிருந்தார். ஓரிடத்தில் மதிப்பு சுழியம் என்று டிபக்கர் காட்டிற்று. அதனை நம்பி, பிழையே இல்லாத வரியை அவர் இரண்டு இரவு திருத்திக்கொண்டிருந்தார். மூன்றாம் நாள், மதிப்பை நிரலே அச்சிடுமாறு ஒரு வரி சேர்த்துப் பார்த்தபோது, அது சுழியமன்று என்று தெரிந்தது. குறிப்புப் பிழைபட்டிருந்தது, கருவி அதனை அறியாது படித்துக் காட்டியிருந்தது. அவர் சிரித்தார். நமக்கோ சிரிப்பு வரவில்லை. அதற்குச் சில திங்கள் முன்னர் நாமே அவ்வாறு ஒரு பொய்யைப் படித்துக் காட்டியிருந்தோம்.

அதனையும் ஒளியாது கூறுவோம். புதுக்கோட்டை மாவட்டம் கல்வெட்டுகள் மலிந்தது. பழைய புதுக்கோட்டைச் சமஸ்தானத்தார் தம் எல்லைக்குட்பட்ட ஆயிரத்திற்கு மேற்பட்ட கல்வெட்டுகளைத் திரட்டி 1929-இல் நூலாக அச்சிட்டனர். 1948-இல் அச்சமஸ்தானம் இந்திய ஒன்றியத்தோடு இணைந்தது. 1974-இல் புதுக்கோட்டை தனி மாவட்டமாயிற்று. ஆட்சிகள் மாறினும் கற்கள் மாறவில்லை. விடுமுறையொன்றில் நாம் மூவர் இம்மாவட்டத்துச் சிற்றூர் ஒன்றிற்குச் சென்றோம். ஏரிக்கரையில் சாய்ந்து கிடந்த கல்லொன்றை ஊர்ப் பெரியவர் ஒருவர் காட்டி, அதில் எழுதியிருப்பது யாதென்று கேட்டார். நிலத்தின் எல்லைகள் ஓரளவு விளங்கின. அதன்பின் 'இறை' என்னும் எழுத்துகள் தெரிந்தன. அடுத்துள்ள பகுதி தேய்ந்திருந்தது. வகுப்பில் பலமுறை படித்த சொல் நாவில் முன்வந்து நின்றது. 'இறையிலி, அதாவது வரியில்லா நிலம்' என்று தயங்காமல் கூறினோம். அவர் கேட்டபடி ஒரு தாளிலும் எழுதிக் கொடுத்தோம். அவர் அதனை நான்காய் மடித்து மடியில் வைத்துக்கொண்டார். அந்நிலத்தைப் பற்றி அவர்க்கும் அயலார்க்கும் வழக்கு இருந்தமை அப்போது நாம் அறியோம்.

கல்லூரிக்குத் திரும்பிப் படத்தை ஆசிரியரிடம் காட்டினோம். அவர் நெடுநேரம் உற்றுநோக்கி, 'இறை என்பதன்பின் எழுத்துகள் அழிந்துள்ளன. இறையிலி என்றும் கொள்ளலாம், இறையிறுத்து என்றும் கொள்ளலாம். முன்னது வரியில்லை என்பது, பின்னது வரி செலுத்தி என்பது. நீங்கள் எதைக் கண்டீர்கள்?' என்று வினவினார். நாம் எதையும் கண்டிலோம். கல் நின்ற இடத்தில் நம் நா நில்லாது ஓடியிருந்தது. மறுவாரம் அவ்வூர்க்குச் சென்று உண்மையைச் சொன்னோம். பெரியவர் சினக்கவில்லை. மடியிலிருந்த தாளை எடுத்து நம்மிடம் நீட்டி, 'தெரியவில்லை என்று அன்றே சொல்லியிருக்கலாமே, தம்பி' என்றார். அச்சொல் இன்றும் நம் செவியில் ஒலிக்கின்றது.

நாம் ஏன் தவறினோம்? அறிவு குறைந்தமையால் மட்டுமன்று. மூன்றாண்டாக நாம் படித்தனவெல்லாம் வல்லார் பதிப்பித்த நல்ல பாடங்கள். சிதைந்த ஏட்டை நம் கையில் கொடுத்து 'இதனைப் படி' என்று ஒருவரும் சோதித்ததில்லை. பழுதைக் கண்டால் நிற்க வேண்டும் என்னும் பழக்கம் நமக்கு உண்டாகவில்லை. இதே குறைதான் நல்ல குறிப்பைக் கொண்டு மட்டும் சோதிக்கப்பட்ட டிபக்கர்க்கும் உள்ளது.

இனி, கருவியாளர் அச்சோதனையை எங்ஙனம் நடத்துகின்றனர் என்று காண்போம். முறைகள் இரண்டு. முதலாவது, கெட்ட குறிப்பைக் கையால் எழுதுவது. ஒழுங்கான கம்பைலர் ஏழாம் எண்ணைத் தவறாக எழுதித் தாராது; ஆகவே கம்பைலரை விடுத்து, சோதிப்போர் தாமே டுவார்ஃப் பதிவுகளை ஒவ்வொன்றாக இயற்றுகின்றனர். ஜி.டி.பி.யின் சோதனைத் தொகுதியில் இதற்கெனத் தனிப்பகுதி உண்டு. பதிவுகளை எளிதில் எழுதுதற்குரிய சிறு கருவியும் உண்டு. இன்ன பழுதை இன்னவிடத்து வைத்தோம். இதற்கு டிபக்கர் இன்ன விடை கூறுதல் வேண்டும் என்று முன்னரே எழுதிவைத்து ஒப்புநோக்குகின்றனர். ஒருமுறை பயனர் ஒருவர் கையில் வெளிப்பட்ட வழு, அதன்பின் ஒரு சோதனையாக அத்தொகுதியில் இடம்பெறுகின்றது. எனவே, அதே வழு மீண்டும் தலைகாட்டினால் உடனே அகப்பட்டுவிடும்.

இரண்டாவது, நல்ல குறிப்பைக் கண்மூடித்தனமாகக் கெடுப்பது. இதன் தோற்றக் கதை சுவையுடையது. 1988-ஆம் ஆண்டு, இடியும் மழையுமான ஓரிரவில், விஸ்கான்சின் பல்கலைக்கழகப் பேராசிரியர் பார்ட்டன் மில்லர் தம் இல்லத்திலிருந்து தொலைபேசிக் கம்பிவழியே பல்கலைக்கழகக் கணினியைப் பயன்படுத்திக்கொண்டிருந்தார். மழையால் கம்பியில் இரைச்சல் புகுந்தது. அவர் தட்டாத எழுத்துகள் இடையிடையே தோன்றின. அவ்வெழுத்துகளைத் தாங்கமாட்டாமல் நாள்தோறும் வழங்கும் மென்பொருள்கள் வீழ்ந்தன. அவர் கம்பியை நொந்துகொள்ளாது மென்பொருளை ஐயுற்றார். தம் மாணவரைக் கொண்டு, பொருளற்ற எழுத்துகளை வேண்டுமென்றே ஊட்டிச் சோதித்தார். யூனிக்ஸ் அமைப்பின் எந்தப் பதிப்பை எடுத்துக்கொண்டாலும், சோதித்த கருவிகளுள் நூற்றுக்கு 25 முதல் 33 வரை வீழ்ந்தன என்பதை 1990-இல் வெளியிட்டார். அம்முறைக்கு அவர் இட்ட பெயர் 'ஃபஸ்' என்பது. 2013-இல் மிகாவ் ஸலேவ்ஸ்கி என்பார் வெளியிட்ட கருவி, எந்த மாற்றம் நிரலைப் புதிய வழியில் செலுத்துகின்றதென நோக்கி, அத்தகைய மாற்றங்களைப் போற்றி வைத்து, அவற்றையே மேன்மேலும் திரிக்கின்றது. மழை செய்ததை இன்று பொறி இரவும் பகலும் செய்கின்றது.

இங்கே ஒரு நுட்பம் கவனித்தற்குரியது. பழுதுற்றது வேறு, வழக்கத்திற்கு மாறானது வேறு. செயற்கூறு ஒன்று தொடர்ச்சியாக ஓரிடத்தில் இருப்பதே இயல்பு. ஆயினும், அடிக்கடி ஓடும் பகுதியை ஓரிடத்தும் அரிதில் ஓடும் பகுதியைப் பிறிதோரிடத்தும் கம்பைலர் பிரித்து வைப்பது உண்டு. டுவார்ஃப் அதனை ஒப்புகின்றது. 'செயற்கூறு இரண்டு துண்டாய் இருக்கலாகாது' என்று எண்ணிப் பின்துண்டைத் தள்ளும் டிபக்கர், நல்ல ஏட்டைக் கெட்டதென்று பழிக்கும். பதிப்பு மாற்றமும் அத்தகையதே. நான்காம் பதிப்பில் மூலக்கோப்புகளின் வரிசையெண் ஒன்றில் தொடங்கிற்று. ஐந்தாம் பதிப்பில் சுழியத்தில் தொடங்குகின்றது. ஒன்றின் விதியால் மற்றதைப் படித்தால், ஒவ்வொரு வரிக்கும் அடுத்துள்ள கோப்பின் பெயரே விடையாக வரும். ஏட்டில் பழுதில்லை, படித்த விதியிலேதான் பழுது.

இதற்கு நிகரானதை நம் மாவட்டத்திலேயே காணலாம். சித்தன்னவாசல் குன்றின்மேல் ஏழடிப்பட்டம் என வழங்கும் குகைத்தளத்தில், கற்படுக்கையொன்றில் தமிழ்ப் பிராமிக் கல்வெட்டு உள்ளது. அதனைப் படித்த அறிஞர் காலந்தோறும் வேறுவேறு பாடம் கொண்டனர். இவ்வகைக் குகைக் கல்வெட்டுகள் தமிழே என்பதை 1924-இல் கே. வி. சுப்பிரமணிய அய்யர் எடுத்துக்காட்டினார். அவற்றின் எழுத்துமுறை ஒன்றன்று, பலவென்பதை ஐராவதம் மகாதேவன் வகுத்து விளக்கினார். அவருடைய பெருநூல் 2003-இல் வெளிவந்தது. அசோகர் காலத்து வடநாட்டுப் பிராமியில், கோடில்லாத மெய்யெழுத்துக்குள் அகரம் தானே அடங்கியிருக்கும். பழைய தமிழ்க் குகைகளின் ஒருமுறையிலோ, கோடில்லாத எழுத்து வெறும் மெய். அகரம் வேண்டின் ஒரு கோடு இடுவர். அம்முறையில் எழுதிய 'மகன்' என்னும் சொல்லை வடநாட்டு விதியால் படிப்பவன் 'மாகான' என்பான். பொருள் தோன்றாவிடத்து, 'எழுதியவன் அறிவிலி' என்று சொல்லித் தப்பவும் பார்ப்பான். கல்வெட்டில் 'குடுத்த' என்று வருவதைப் பிழையெனக் கருதிக் 'கொடுத்த' என்று திருத்தும் மாணவனும் அத்தகையனே. அக்காலத்துப் பேச்சுவழக்கிற்கு எஞ்சிய சான்றினை அவன் தன் கையாலேயே அழிக்கின்றான். ஓலையெழுதுவோர் பெரும்பாலும் புள்ளி இடுவதில்லை. எகர ஏகாரங்களுக்கு இன்றுள்ள வேறுபாட்டு வரிவடிவம் 18-ஆம் நூற்றாண்டில் வீரமாமுனிவர் செய்த சீர்திருத்தத்தால் வந்தது. அதற்கு முற்பட்ட ஏட்டை இன்றைய கண்ணால் பார்த்துப் பிழை மலிந்ததென்று கூறுதல் தகுமோ?

மெய்யாகவே பழுதுற்ற சான்றும் நம்மிடை உண்டு. குடுமியான்மலைக் குகைக் கோயிலருகே பாறையில் பொறித்த இசைக் கல்வெட்டை அறியாதார் இலர். திருமயத்துச் சிவன் குகைக் கோயிலிலும் இசைபற்றிய பழைய கல்வெட்டொன்று இருந்தது. பிற்காலத்தார் அதனைச் செதுக்கி நீக்கிவிட்டு, அதே சுவரில் 13-ஆம் நூற்றாண்டுச் சாசனத்தைப் பொறித்தனர். பழையதில் சிறிதே எஞ்சியது. அங்கே படிப்போன் முதலில் கேட்க வேண்டியது, 'இவ்வெழுத்து எந்த அடுக்கைச் சேர்ந்தது?' என்பதே. டிபக்கர்க்கும் இவ்வினா உண்டு. நிரலை மாற்றியபின் பழைய குறிப்பு அப்படியே கிடந்தால், புதிய நிரலுக்குப் பழைய வரிக்கணக்கைக் கூறி அது மயங்கும். அதனைத் தடுக்கவே, நிரலுக்கும் குறிப்புக்கும் பொது அடையாள எண்ணொன்றை இட்டு, இரண்டும் ஒன்றற்கொன்று உரியனவா என்று ஒப்புநோக்குகின்றனர். மூலக்கோப்பு நிரலைவிடப் புதியதாயின், ஜி.டி.பி. அதனை எச்சரிக்கையாகவும் கூறும்.

நம் கொள்கைக்கு எதிராகச் சிலர் தடைகள் கூறுவர். 'எவரும் எழுதாத கெட்ட குறிப்பைத் தாமே இயற்றித் தாமே சோதித்தல் வீண் விளையாட்டன்றோ?' என்பது முதல் தடை. இதற்கு 2014-ஆம் ஆண்டு நிகழ்ச்சியே விடை. கோப்பொன்றில் படிக்கத்தக்க சொற்கள் எவை என்று எடுத்துக்காட்டும் 'ஸ்டிரிங்ஸ்' என்னும் சிறு கருவி, தீங்கற்றதென்று எல்லோராலும் நம்பப்பட்டது. ஐயத்திற்குரிய கோப்பை ஆராய்வோர் முதலில் எடுப்பதும் அதனையே. அக்கருவி சொற்களைத் தேடுமுன் கோப்பின் உள்ளமைப்பை நம்பிப் படித்தது. சூழ்ச்சியாய்க் கெடுத்த கோப்பைக் கொடுத்தால் அது தன் நினைவகத்தையே குலைத்துக்கொள்ளும் என்பதை ஸலேவ்ஸ்கி காட்டினார். அதன்பின், அமைப்பை நம்பாது கோப்பு முழுதையும் துழாவுவதே அதன் இயல்பாக மாற்றப்பட்டது. நல்லோர் எழுதாததைத் தீயோர் எழுதுவர். தீயோரும் எழுதாததை மழை எழுதும்.

'ஒவ்வொரு பழுதையும் கூவிக்கொண்டிருந்தால் எவர் கேட்பார்?' என்பது இரண்டாம் தடை. இதில் உண்மை உண்டு. குறிப்பில் காணும் ஐயங்களைத் தெரிவிக்கும் முறையீட்டு வழியொன்றை ஜி.டி.பி. வைத்திருக்கின்றது, ஆயினும், வேண்டுவோர் கேட்டாலன்றி அம்முறையீடுகளை அது காட்டுவதில்லை. சிறு குறைகளுக்கு அஃது ஏற்கும். ஆனால், கேட்ட வினாவின் விடையையே மாற்றும் பழுதாயின் அடங்கியிருத்தல் குற்றம். கம்பைலர் நீக்கிவிட்ட மதிப்பைக் கேட்டால், அது நீக்கப்பட்டதென்றே ஜி.டி.பி. வெளிப்படையாகச் சொல்லும், ஓர் எண்ணைப் புனைந்து தருவதில்லை. 1894-இல் புறநானூற்றைப் பதிப்பித்த உ. வே. சாமிநாதையர் செய்ததும் அதுவே. கிடையாத பாட்டுகளுக்கு இடம் விட்டார்; சிதைந்த அடிகளைப் புள்ளியிட்டுக் காட்டினார். தம் புலமையால் அவ்விடங்களை நிரப்ப அவரால் இயலாதா? இயலும். இயன்றும் செய்யாமையே பெருமை. அப்புள்ளிகள் அந்நூலின் குறையல்ல. அதன் வாய்மைக்கு இட்ட முத்திரை.

'எல்லாவற்றையும் ஐயுறும் கருவி ஒன்றையும் படியாது' என்பது மூன்றாம் தடை. ஐயுறுதல் வேறு, மறுத்தல் வேறு. ஒரு பதிவு கெட்டதென்று ஏடு முழுதையும் எறிதலும் குற்றமே. ஓரடி சிதைந்ததென்று பாட்டையே நீக்கினால் புறநானூற்றில் எஞ்சுவது எத்தனை? கெட்டது எவ்வளவு, நல்லது எவ்வளவு என்று எல்லையிட்டுக் காட்டுதலே படிப்போன் கடன். அவ்வெல்லையை அவன் அறிகின்றானா என்பதைக் கெட்ட ஏட்டாலன்றி வேறெதனால் சோதிப்பது?

முடிவாக, மூவகை அன்பர்களிடத்தும் மூன்று வேண்டுகோள் உடையோம். ஆசிரியப் பெருமக்களே! கல்வெட்டியல் தாளில் ஒரு வினாவேனும் சிதைந்த படியாக அமைக. அதில் வேண்டுமென்றே இட்ட பழுதுகள் மூன்றும், பழுதுபோல் தோன்றும் நல்ல வழக்கு ஒன்றும் இருக்கட்டும். பழுதைக் கண்டு கூறியவனுக்கு மதிப்பெண் தருக. நல்ல வழக்கைத் திருத்தியவனுக்குக் குறைக்க. 'இவ்விடம் விளங்கவில்லை' என்று உரிய இடத்தில் எழுதியவனுக்கு முழு மதிப்பெண்ணும் தருக. இன்று வினாத்தாளில் வெற்றிடம் விட்டால் சுழியம். எதையேனும் எழுதினால் இரண்டாவது கிடைக்கும். அந்த இரண்டு மதிப்பெண்ணே ஏரிக்கரையில் நம் நாவை ஓடச் செய்தது என்று சொன்னால் மிகையாகாது.

மாணவ அன்பர்களே! கல்வெட்டையும் ஓலையையும் இயந்திரங்களே படிக்கப் பழகும் காலம் இது. கணினித் துறையாரும் தமிழ்த் துறையாரும் ஒருங்கமர்ந்து, தேய்ந்த கல், உடைந்த வரி, இருமுறை பொறித்த சுவர் ஆகியவற்றின் படிகளைத் திரட்டி, அவ்வியந்திரங்களை அவற்றால் சோதிக்கலாம். பழுதின் இயல்பை அறிந்தவர் நாம்; சோதிக்கும் முறையை அறிந்தவர் அவர்.

மென்பொருள் நிறுவனங்களில் பணியாற்றும் பழைய மாணவர்களே! பிறர் எழுதியதைப் படிக்கும் கருவியொன்றை நீங்கள் இயற்றும்போது, நல்ல கோப்புகளோடு கெட்ட கோப்புக் கட்டு ஒன்றையும் அருகே வைத்துக்கொள்ளுங்கள். உங்கள் கருவியின் முன் தாளும் கையுமாய் நிற்பவர் எவரென்று நீங்கள் அறியமாட்டீர்கள். அவர் மடியில் ஒரு வழக்கு இருக்கலாம்.

அப்பெரியவர் திருப்பித் தந்த தாள் நம் ஏட்டினிடையே இன்றும் இருக்கின்றது. 'இறையிலி' என்று நாம் எழுதிய சொல்லை அடித்துவிட்டு, 'இறை' என்பதை மட்டும் நிறுத்தி, அதன்பின் ஐந்து புள்ளிகள் இட்டிருக்கின்றோம்.